ஆறு பித்தளை நட்டு

என் மனைவிக்கு இரண்டு வருடம் தலைவலி. எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்தால் வரும், இறங்கி அரை மணி நேரம் போனால் விட்டுவிடும். இதை அவள் எத்தனை முறை என்னிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன பதில் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "உனக்கு வேலைக்கு வர்றதுன்னாலே தலைவலிதான்" என்பேன். சொல்லிவிட்டுச் சிரிப்பேன். ஒருமுறை அவள் தங்கை வீட்டு விசேஷத்தில், பந்தியில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.

சந்தாபுராவில் எங்களுக்கு வாடகை வீடு. நான் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவன். ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் சமையல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. விடிந்ததும் இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அத்திபெலே பக்கம் போய், சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளின் வாசலில் வேனை நிறுத்துவோம். நான் ஓட்டுவேன், அவள் பரிமாறுவாள்.

வேன் பழசு. மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. முன் சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் கண்ணில் படும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் இருக்கும், மேனிஃபோல்டு என்போம். தலையில்லாத போல்ட் மாதிரி ஆறு ஸ்டட், அவற்றின் மேல் ஆறு நட்டுப் போட்டு அதை எஞ்சினோடு இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தகடு போல ஒரு கேஸ்கட். அது எரிந்துபோனால் புகை சைலன்சருக்குப் போகாமல் அங்கேயே கசியும். எங்கள் வண்டியில் அந்த இடம் என் மனைவி உட்காரும் சீட்டுக்கு நேர் கீழே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எஞ்சின் 'டப் டப்' என்று அடிக்க ஆரம்பித்தபோது, கேஸ்கட் போய்விட்டது என்று என் சிநேகிதன் காதால் கேட்டே சொல்லிவிட்டான். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் அவன். நானும் அவனும் அதே ஒக்கலிபுரத்தில் ஒட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள். என் அம்மா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்த நாலு பேரில் அவன் ஒருவன். இதற்கு மேல் ஒருவனை நம்ப என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அவன் தொடும் வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. நானும்தான். ஸ்பேனரை நான் கையில் எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவான். "ஃபிட்டரெல்லாம் உன் கம்பெனியோட. இங்க நீ கஸ்டமரு. போய் சும்னே டீ குடி மச்சா" என்பான், 'சும்மா'வைக் கன்னடத்தில். நானும் டீக்கடையில் உட்கார்ந்து, நம்ம ஆள் கை வைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பார்ட்ஸ் மாற்றினால் பழையதைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்க மாட்டேன். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லிக் காதில் பூச்சுற்றும் ஊர் இது. என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வேன். கேஸ்கட் வேலைக்கு வண்டியை விட்ட அன்று சாயங்காலம் அவன் ஒரு கன்னடப் பேப்பர் பொட்டலத்தைக் கம்பி போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இந்தா, உன் பழைய கேஸ்கட்டு, ஸ்டட்டு, நட்டு, எல்லாம் இதுல கீது. புதுசா ஆறும் பித்தளை நட்டா போட்டுட்டேன் மச்சா. இரும்புன்னா சூட்டுல வெந்து பிடிச்சுக்கும். பித்தளை பிடிக்கவே பிடிக்காது. அடுத்த வாட்டி தங்கச்சியே கழட்டிடும்."

என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் சொல்வான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவன் எதிரில் பொட்டலத்தைப் பிரித்தால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தாவது பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை. பழசைக் கேட்டு வாங்கிவிட்டேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் போட்டு மூடினேன்.

டப் டப் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவள் முதல் தடவையாகச் சொன்னாள்.

"ஏங்க, சீட்டுக்கு அடியிலேர்ந்து புகை வாசனை வருதுங்க. தலை கிண்ணுனு இருக்கு."

"புது கேஸ்கட்டு, பித்தளை நட்டு. புகை எங்கேர்ந்து வரும், உன் மூக்குலேர்ந்தா?"

எனக்கு வாசனை தெரியாது. இருபத்திரண்டு வருடம் வெல்டிங் புகையிலும் கட்டிங் ஆயிலிலும் நின்ற மூக்கு அது. போதாததற்கு நான் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன். அவள் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. அதையும் சரிசெய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தலைவலி என்றதும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டாள், வலி போகவில்லை. அப்புறம் அவளே பின்னால் போய்ப் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். பக்கவாட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொள்வாள். அதற்கும் நான் கிண்டல் செய்தேன். "மகாராணிக்கு டிரைவர் பக்கத்துல உக்காந்தா கௌரவக் குறைச்சல்." அவள் தலைவலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். நான் அதை, சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

போன ஜனவரியில் ஒரு நாள் பெரிய ஆர்டர். பின்னால் கால் வைக்க இடமில்லாமல் பாத்திரம். அவள் முன்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், நானே கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஓசூர் ரோட்டில் டிராஃபிக் வேறு. அத்திபெலேயில் ஒரு கம்பெனி கேட் முன்னால் வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்கி, சாம்பார் பாத்திரத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தாள். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சாம்பார் ரோடெல்லாம் ஓடியது. முகம் வெளிறிப்போய் வாந்தி எடுத்தாள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். வேனுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒளகே தும்ப ஹொகெ வாஸ்னெ சார்" என்றார். உள்ளே ரொம்பப் புகை வாசனை என்று அவர் சொன்ன அந்த நொடியே நான் நம்பிவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர், ஒரே ஒரு வாக்கியம். இவள் இரண்டு வருடம் சொன்னாள்.

கிளினிக்கில் டாக்டர், நல்ல காற்றில் படுக்க வையுங்கள், அந்த வண்டியில் இனி ஏற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். மாமியார் ஊரில் கோயில் விசேஷம், நாலு நாளில் வந்துவிடுவேன் என்றான்.

"அதுவரைக்கும் சீட்டைத் தூக்காத மச்சா. நான் வந்து பாத்துக்கறேன். யாரையும் கை வைக்க விடாத."

பாவம், என் வண்டி மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். முட்டாள். ஆனாலும் அவள் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பித்தளை நட்டுதானே, பத்து நிமிட வேலை, அவன் கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று மறுநாள் காலையில் சீட்டைத் தூக்கினேன்.

ஆறு நட்டும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. கம்பி பிரஷ்ஷை எடுத்து முதல் நட்டைத் தேய்த்தேன். பித்தளை என்றால் நாலு தேய்ப்பில் மஞ்சள் தெரிய வேண்டும். தெரியவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். செம்பழுப்பாகத் துரு உதிர்ந்தது. சரி, அன்று கடையில் ஐந்துதான் கிடைத்திருக்கும், ஒன்றைப் பழசாகவே போட்டிருப்பான் என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதைத் தேய்த்தேன். துரு. மூன்றாவதும் துரு. நாலாவதும் அதே துரு. ஆறும் இரும்பு. ஆறும் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது போட்ட நட்டு. ஒன்றாவது திரும்பிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. வயிற்றுப் பிழைப்புக்கு இருபத்திரண்டு வருடம் நட்டு இறுக்கியவன் நான். திருப்பிய நட்டு எது, திருப்பாத நட்டு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அட பாவி! வாய்விட்டே கத்திவிட்டேன். உள்ளே படுத்திருந்தவள், "என்னங்க ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது வேலை இல்லை, ஆத்திரம். ஆனால் ஆத்திரத்தில் திருப்பினால் ஸ்டட் முறியும், நட்டுக்கு யார் மேல் கோபம் என்று தெரியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் செய்தேன். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து மத்தியானம் வரை ஊறவிட்டேன். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டியூப்பை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் முழுக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, சின்ன கேஸ் டார்ச்சால் ஒவ்வொரு நட்டையும் சிவக்கச் சிவக்கச் சுட்டு, மெழுகுவர்த்தியை அதன் மேல் வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். துரு தின்று நட்டு சிறுத்துவிட்டதால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கியது. பதினொன்றாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்துகிற பக்கம் ஒரு மயிரிழை. முன்னும் பின்னுமாக, கெஞ்சிக் கெஞ்சி. 'கிறீச்' என்று முதல் நட்டு அசைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்து இறங்கின. ஆறாவது ஸ்டட் முறிந்தது. அதைத் தெருமுனை வெல்டிங் கடைக்காரர் வந்து, முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு பிடித்துத் திருப்பி எடுத்தார். மேனிஃபோல்டை இழுத்தேன். விளிம்பு முழுக்க வெளியிலிருந்து பூசிய சாம்பல் நிறப் பேஸ்ட், காய்ந்து வெடித்து வந்தது. அதற்குள்ளே அசல் கேஸ்கட், மூன்றாவது ஓட்டைப் பக்கம் அரை விரல் அளவுக்கு எரிந்து காணாமல் போயிருந்தது. கரி அங்கிருந்து கிளம்பி மேலே, சீட்டின் அடித்தகடு வரை கோடு போட்டிருந்தது. அவள் சொன்ன அதே இடம்.

அப்போதுதான் பொட்டலம் ஞாபகம் வந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கம்பியைப் பிரித்தேன். உள்ளே பழைய நட்டு, பழைய ஸ்டட், எரிந்த கேஸ்கட் ஒன்று. கேஸ்கட்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். நாலு ஓட்டை. எங்கள் வண்டிக்கு மூன்று சிலிண்டர், மூன்று ஓட்டைதான் இருக்க வேண்டும். ஏதோ ஒரு காருடையதைக் கட்டிக் கொடுத்திருக்கிறான். ஒரு குழந்தை பிரித்து எண்ணியிருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்கும். இரண்டு வருடம் அது என் தலைக்கு மேலேயே இருந்தது.

நாலாம் நாள் அவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பஸ் பிடித்து ஒக்கலிபுரம் போனேன். வழி நெடுக என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஷெட்டில் அவன் மட்டும்தான் இருந்தான். நாலு ஓட்டைக் கேஸ்கட்டை அவன் பெஞ்ச் மேல் போட்டேன்.

"இது என்னடா?"

அவன் பார்த்தான். வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

"எறங்கல மச்சா."

"என்ன எறங்கல?"

"நட்டு. ஒண்ணுகூட அசையல. தம் கட்டித் திருப்புனா ஸ்டட்டு முறியும், முறிஞ்சா எஞ்சின் ஹெட்டையே எறக்கணும், மூணு நாள் ஆவும். நீ காலைல சாப்பாடு எடுத்துனு போணும்னு நிக்கற. டீக்கடைல உக்காந்துனு, நம்ம ஆளு ஒரே நாள்ல முடிப்பான்னு ஊருக்கெல்லாம் சொல்லினு கீற. எனக்குக் காதுல விழுது. இன்னா பண்ணச் சொல்ற? பேஸ்ட் பூசினேன். ஒரு மாசம் தாங்கட்டும், அப்பறமா கூப்ட்டு ஒழுங்கா பண்ணிடலாம்னு நெனச்சேன்."

"ஒரு மாசமா? ரெண்டு வருஷம்டா! சரி, முடியலன்னு சொல்றதுக்கு வாயில்லையா உனக்கு? இதைப் பொட்டலம் கட்டிக் குடுத்தியே, அதுக்கு மட்டும் எங்கேர்ந்துடா கை வந்துச்சு?"

"நீதான் பழசக் கேப்பியே மச்சா."

ஓங்கி அறைந்துவிடலாம் போல இருந்தது. கையைத் தூக்கியும்விட்டேன். அவன் நகரவில்லை.

"அடிச்சிக்கோ. ஆனா இத கேட்டுக்கோ. தங்கச்சி ஒரு நாளு இங்க வந்துச்சு. போன வருஷம். 'அண்ணா, அந்த சீட்டுல உக்காந்தா எனக்கு என்னமோ பண்ணுது. நான் சொன்னா அவர் கேக்க மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பாரு, ஒரு போன் பண்ணுங்கண்ணா'ன்னு சொல்லிச்சு. அது போன ஒடனே உனக்குப் போன் பண்ணேன். எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் பண்ணேன், அம்மா மேல சத்தியமா. 'தங்கச்சிக்குத் தலவலியாமே'ன்னு ஆரம்பிச்சேன். நீ இன்னா சொன்ன?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"'அவளுக்கு வேலைக்கு வர்றதுன்னாலே தலைவலிடா மச்சா'ன்னு சிரிச்ச. நானும் சிரிச்சிட்டேன். அப்பறம் சொல்லல."

தூக்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கேஸ்கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவன் பின்னாலேயே வந்து, "நானே வந்து மாட்டித் தரேன் மச்சா" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை அந்தப் பக்கம் போகவுமில்லை. என் அம்மாவுக்குத் தோள் கொடுத்தவன் என் பெண்டாட்டியை இரண்டு வருடம் புகைக்கு மேல் உட்கார வைத்தான். இது துரோகம் இல்லை என்றால் வேறு எது துரோகம்?

புது கேஸ்கட்டும் ஸ்டட்டும் நானே தேடி வாங்கினேன். ஆறு பித்தளை நட்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக நானே இறுக்கினேன். வீட்டில் அவளிடம் இரும்பு நட்டைப் பற்றிச் சொன்னேன், பேஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன், நாலு ஓட்டைக் கேஸ்கட்டைக் காட்டினேன். அவனைத் திட்டித் தீர்த்தேன். போனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் வியாபாரத்துக்குக் கிளம்பினோம். பாத்திரங்களை ஏற்றியாகிவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒரு வாசனையும் இல்லை என்றார். அவள் பக்கத்துக் கண்ணாடியையும் முழுசாக இறங்கும்படி சரிசெய்திருந்தேன். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, இனிமே பயமில்ல, உக்காரு" என்றேன்.

அவள் ஏறவில்லை. கதவருகே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணாரா, இல்லையா? பண்றேன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாரு. அன்னைக்கு சாயங்காலம் நீங்க வந்து ஏதாவது கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க, சட்னி அரைச்சாச்சான்னு கேட்டீங்க."

பண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். அவன்தான் பொய்க்காரன் என்று ஏற்கெனவே ஆகிவிட்டது, இன்னொன்றையும் அவன் தலையில் கட்டிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பண்ணான்" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். எத்தனையோ முறை அவள் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொன்னவை, அன்று வாயிலிருந்து வர மறுத்தன.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இட்லி ஆறிடும், வண்டிய எடுங்க" என்றாள். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளி ஏறி, பாத்திரங்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் முன் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். வேனுக்குள் புகை துளியும் இல்லை. அத்திபெலே வரைக்கும் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.